எரிஸ்கே துறையில் பதினைந்து நிமிடம்

நவம்பர் மாதம், ஸ்காட்லாந்தின் எரிஸ்கே தீவு இறங்குதுறை. மழை மேலிருந்து பெய்யாமல் பக்கவாட்டில் அடித்துக்கொண்டிருந்தது. ஃபெர்ரி பன்னிரண்டு நிமிடம் தாமதம். என்னோடு வந்த, நான் வேலையாகப் பார்த்துக்கொள்ளும் 84 வயது அம்மா ஒருவர் கைத்தடியை ஊன்றி ஊன்றிச் சாய்தளத்தில் ஏறி முடிப்பதற்குள் பஸ்ஸின் பின்விளக்குகள் வளைவில் மறைந்துவிட்டன. அடுத்த பஸ் இரண்டரை மணி நேரம் கழித்துத்தான். பாலிவானிச் மருத்துவமனையில் அவருக்கு இடுப்பு எக்ஸ்ரே பதினொன்றே காலுக்கு. ஏழு வாரம் காத்திருந்து வாங்கிய அப்பாயின்ட்மென்ட் அது.

அவர் கோபப்படவில்லை. கையுறையைப் பல்லால் கடித்து இழுத்துக் கழற்றினார், கோட்டுப் பையிலிருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்தார், தேதி, ஃபெர்ரி வந்த நேரம், பஸ் போன நேரம் மூன்றையும் பென்சிலால் எழுதினார். "இது பதினொன்றாவது தடவை" என்றார். நான்கு வருடமாக எழுதி வைத்திருக்கிறார், யாரிடமும் காட்டியதில்லை. கேட்பார் இல்லை என்பதால் காட்டவில்லையாம்.

நான் இருப்பது பார்ரா தீவில். ஸ்காட்லாந்தின் மேற்குத் தீவுகளில் மக்கள் வாழும் தென்கோடி இதுவும் பக்கத்திலுள்ள வாட்டர்சே தீவும்தான், இரண்டிலும் சேர்த்து ஏறக்குறைய 1,200 பேர். வீடு வீடாகப் போய் முதியவர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்காக வந்தேன். பெருநிலத்திலுள்ள ஓபனுக்குக் கப்பலில் ஐந்து மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. கிளாஸ்கோவிலிருந்து வரும் சின்ன விமானம் கடற்கரை மணலிலேயே இறங்கும், அதனால் அதன் நேரத்தை ஓதம், அதாவது கடல் நீர் ஏறி இறங்குவது, தீர்மானிக்கிறது. எக்ஸ்ரே மாதிரியான காரியங்களுக்கு வடக்கே பென்பெக்யுலா தீவிலுள்ள பாலிவானிச்சுக்குத்தான் பெரும்பாலும் போகவேண்டும்: எரிஸ்கே வரை ஃபெர்ரியில் நாற்பது நிமிடம், அப்புறம் பஸ்ஸில் கடற்பாலச் சாலை வழியாகத் தெற்கு யூயிஸ்ட் தீவு முழுவதையும் தாண்டி ஒரு மணி நேரத்துக்கு மேல். கார் வைத்திருப்பவர்களுக்குப் பிரச்சினை இல்லை, ஃபெர்ரியில் ஏற்றிக்கொண்டு போய்விடுவார்கள். கண் மங்கி வண்டி ஓட்டுவதை விட்டவர்கள், ஓட்டவே தெரியாத விதவைகள், மாணவர்கள், இவர்களுக்கு அந்த ஒரு பஸ்தான் எல்லாம்.

அன்று இரவே மூன்று மின்னஞ்சல் எழுதினேன். ஃபெர்ரி நடத்துபவர்களிடமிருந்து வந்த பதில்: தாமதத்துக்குக் காரணம் வானிலை, பஸ் எங்கள் பொறுப்பில் இல்லை. பஸ் நடத்துபவர்: ஒப்பந்தத்தில் உள்ள நேரத்துக்குக் கிளம்பினோம். ஒப்பந்தம் கொடுத்த அலுவலகம்: அடுத்த மறுஆய்வில் கவனத்தில் கொள்கிறோம். மூன்றுமே மரியாதையான பதில்கள், மூன்றிலும் பொய் இல்லை. திரும்பத் திரும்பப் படித்தபோதுதான் எனக்கு விஷயம் பிடிபட்டது. ஃபெர்ரிக்கு ஒரு பொறுப்பாளர் இருக்கிறார், பஸ்ஸுக்கு ஒருவர் இருக்கிறார், ஃபெர்ரி நிற்கும் இடத்துக்கும் பஸ் நிற்கும் இடத்துக்கும் நடுவே இருக்கும் அந்த நூறு அடிக்கு யாருமே இல்லை. அங்கேதான் அந்த அம்மா நனைந்துகொண்டு நின்றார்.

என்னோடு வேலை செய்பவர் ஒருவர்தான் சமூக மன்றக் கூட்டத்துக்குப் போகச் சொன்னார். அப்படி ஒன்று இருப்பதே எனக்குத் தெரியாது. 1973ஆம் ஆண்டின் உள்ளாட்சிச் சட்டப்படி ஸ்காட்லாந்து முழுவதும் அமைந்த மன்றங்கள் இவை. நம் ஊர்ப் பஞ்சாயத்து போல நினைத்துவிடக் கூடாது. வரி வசூல் கிடையாது, சாலை போடும் அதிகாரம் கிடையாது, உறுப்பினர்களுக்குச் சம்பளம் கிடையாது. ஊர் என்ன நினைக்கிறது என்பதை மேலே சொல்வதுதான் அவற்றின் வேலை. அதிகாரம் இருப்பது மேற்குத் தீவுகளுக்கெல்லாம் சேர்த்து 1975இல் உருவான உள்ளாட்சி மன்றத்திடம், அதன் தலைமையகம் ஸ்டோர்னோவேயில். இந்தத் தீவுச் சங்கிலி தலை முதல் வால் வரை ஏறக்குறைய 210 கிலோமீட்டர், தலைமையகம் தலைப் பக்கம், நாங்கள் வால் பக்கம். இங்கிருந்து அங்கே தரைவழியாகப் போக இரண்டு ஃபெர்ரி பிடிக்கவேண்டும். இரண்டாவதான ஹாரிஸ் நீரிணை ஃபெர்ரி பாறைகளுக்கு நடுவே வளைந்து நெளிந்து போவதால் பகல் வெளிச்சத்தில் மட்டும்தான் ஓடும், டிசம்பரில் இங்கே பகல் என்பது ஏழு மணி நேரம்கூட இல்லை.

முதல் கூட்டத்துக்குப் பயந்துகொண்டேதான் போனேன். சமுதாயக் கூடத்தில் ஏழு பேர், ஒரு கெட்டில் தேநீர். இந்தத் தீவுகளின் பழைய மொழியான கேலிக்கில் பேசிக்கொண்டிருந்தவர்கள் என்னைப் பார்த்ததும் ஆங்கிலத்துக்கு மாறினார்கள், எனக்குச் சங்கடமாகிவிட்டது. என் முறை வந்ததும் நோட்டைப் பற்றிச் சொன்னேன். ஓய்வுபெற்ற மாலுமி ஒருவர், பேர் வேண்டாம், எழுந்து போய் ஜன்னலைத் திறந்து வாட்டர்சே பக்கம் கையைக் காட்டி ஒரு கதை சொன்னார். முன்பு அந்தத் தீவுக்குப் பாலம் இல்லை, மாடுகளை நீந்த வைத்துத்தான் கடத்துவார்கள். 1986இல் பெர்னி என்ற பரிசுக் காளை அப்படி நீந்தும்போது மூழ்கிச் செத்தது. அது செய்தியான பிறகுதான் பாலத்துக்கு வேகம் வந்தது, 1991இல் கடற்பாலச் சாலை திறந்தார்கள். "மனிதர்கள் அதற்கு முன் பல வருடமாகக் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்கள்" என்றார். அந்த வாக்கியம் இன்னும் என் காதில் இருக்கிறது.

மன்றத்தில் ஒரு இடம் காலியாக இருந்தது, சேர்ந்துகொள்கிறாயா என்று கேட்டார்கள். நான் இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவள், முடியுமா என்றேன். வாக்காளர் பட்டியலில் பேர் இருந்தால் போதும் என்றார்கள். இதை இங்கே வேலைக்கு வரும் நம்மவர்கள் பலர் அறிவதில்லை: முறையான விசாவில் இருக்கும் காமன்வெல்த் நாட்டவர், அதாவது இந்தியர், இலங்கையர் எல்லோருமே ஸ்காட்லாந்து உள்ளாட்சித் தேர்தலில் ஓட்டுப் போடலாம். பதிவு செய்வதற்கு எனக்குப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை.

அப்புறம் நான் செய்த முதல் காரியமே தப்பாகப் போனது. மூன்று பக்கத்தில் ஒரு கடிதம் எழுதினேன். கூடுதல் ஃபெர்ரி, புது பஸ், துறையில் பெரிய காத்திருப்பு அறை, கட்டணக் குறைப்பு என்று மனதில் இருந்த அத்தனையையும் அதில் கொட்டினேன். மாலுமி படித்துவிட்டு மடித்துக் கையில் கொடுத்தார். ஒன்றே ஒன்றைக் கேள், 'முடியாது' என்று சொல்லக் கூச்சப்படும்படியான ஒன்றைக் கேள் என்றார். உட்கார்ந்து யோசித்து ஒரே வரிக்கு வந்தோம்: ஃபெர்ரி தாமதம் என்று கேப்டன் தகவல் கொடுத்தால் பஸ் இருபது நிமிடம் வரை காத்திருக்கவேண்டும்.

சுலபம் என்று நினைத்தேன். இல்லை. அந்த பஸ் எங்களுக்கு மட்டும் உரியதல்ல, தெற்கு யூயிஸ்டிலும் பென்பெக்யுலாவிலும் ஆட்களை ஏற்றிக்கொண்டு வடக்கே போகிறது, அதில் போகும் சிலர் வடக்கு யூயிஸ்ட் தீவின் லோக்மாடி துறையில் ஸ்கை தீவுக்கான ஃபெர்ரியைப் பிடிக்கவேண்டியவர்கள். யூயிஸ்ட் பக்கத்து மன்றத்தோடு இணையவழி மீட்டிங் வைத்தபோது ஒரு பெண் நேராகவே கேட்டார்: உங்கள் இருபது நிமிடத்துக்காக எங்கள் ஆள் லோக்மாடியில் ஃபெர்ரியைத் தவறவிட்டால் அவருக்கு அன்றைய பயணமே போய்விடுமே, அது நியாயமா? நியாயம் இல்லைதான். என்னிடம் பதில் இல்லை, முகம் சூடாகிவிட்டது. ஓட்டுநரின் வேலை நேரத்துக்கும் சட்ட வரம்பு உண்டு, அதை அவர்கள் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். இரண்டு மாதம் இப்படி இழுத்தது. ஒரு கட்டத்தில் விட்டுவிடலாம் என்றுகூடத் தோன்றியது. கடைசியில் அந்தப் பெண்ணே ஒரு வழி சொன்னார்: சாதாரண நாளில் பதினைந்து நிமிடம், பஸ்ஸில் லோக்மாடி ஃபெர்ரிக்குப் போகிறவர் யாராவது இருந்தால் பத்து நிமிடம், ஃபெர்ரி ஊழியர் கையில் ஓட்டுநரின் அலைபேசி எண். இரண்டு தீவுக்காரர்களும் ஒரே கடிதத்தில் கையெழுத்துப் போட்டோம். தனித்தனியாக எழுதியிருந்தால் எங்கள் இரண்டு கடிதங்களையும் ஒன்றுக்கு எதிராக இன்னொன்றை வைத்து ஒதுக்கியிருப்பார்கள் என்பது என் உறுதியான எண்ணம்.

கடிதத்தோடு நோட்டின் பதினொரு பதிவுகளையும் சேர்த்தோம். கடையில் ஒரு காகிதம் ஒட்டி மற்றவர்களிடமும் கேட்டோம், பள்ளி மாணவி ஒருத்தி எல்லாவற்றையும் அட்டவணையாக்கித் தந்தாள். கூடவே ஒரு கேள்வி. 2018இல் வந்த தீவுகள் சட்டப்படி, தீவு மக்களை மற்றவர்களைவிட வேறு மாதிரியாகப் பாதிக்கக்கூடிய முடிவு எடுக்கும்போது பொது அமைப்புகள் அந்தப் பாதிப்பை மதிப்பிட்டு எழுத்தில் வைக்கவேண்டும். வரப்போகும் குளிர்கால அட்டவணைக்கு அப்படி மதிப்பீடு நடந்ததா என்று இரண்டே வரியில் கேட்டோம். எங்கள் கடிதம் முழுவதையும்விட அந்த இரண்டு வரிக்குத்தான் சீக்கிரம் பதில் வந்தது. (இதே சட்டம் தீவுகளுக்குச் சிறிய தொகுதிகளை அனுமதித்ததால்தான் 2022 தேர்தலிலிருந்து பார்ராவும் வாட்டர்சேயும் தனித் தொகுதி, இரண்டு உறுப்பினர்கள். அந்த இருவருமே எங்களுக்காகப் பேசினார்கள்.)

பதிலோடு ஒரு அதிகாரியும் வந்தார், கிளாஸ்கோ விமானத்தில். நான்தான் கூட்டிவரப் போனேன். கடற்கரையில் காற்றுப்பை பறந்தால் யாரும் மணலில் இறங்கக் கூடாது, விமானம் வருகிறது என்று அர்த்தம். சக்கரத்திலிருந்து தண்ணீர் தெறிக்க விமானம் வந்து நின்றது, அவர் ஈர மணலில் இறங்கி நடந்து வந்தார். ஓதம் ஏறுவதற்குள் விமானம் திரும்பவேண்டும், ஆகவே எங்களுக்குக் கிடைத்தது ஒன்றரை மணி நேரம். அந்த அம்மாவையும் அழைத்திருந்தோம். அவர் எதுவும் பேசாமல் நோட்டை மேசையில் விரித்து அதிகாரி பக்கம் தள்ளினார். மழையில் நனைந்து உலர்ந்த பக்கங்கள், சில இடங்களில் பென்சில் எழுத்து கலைந்திருந்தது. அதிகாரி ஒவ்வொரு பக்கமாகப் படித்தார், அவசரப்படவில்லை. ஒரு பதிவைக் காட்டி, "அன்று என்ன செய்தீர்கள்?" என்று கேட்டார். "வீட்டுக்குத் திரும்பிப் போனேன்" என்றார் அம்மா. அறையில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

அக்டோபர் குளிர்கால அட்டவணையில், பரிசோதனை முறையில் என்ற அடிக்குறிப்போடு, எங்கள் பதினைந்து நிமிடம் வந்துவிட்டது. ஒரு வருடத்துக்குச் சற்றுக் குறைவாக ஆனது.

நவம்பரில் மறுபடி அந்த அம்மாவோடு போனேன். ஒன்பது நிமிடத் தாமதம். சாய்தளத்தில் ஏறி நிமிர்ந்தபோது பஸ் உள்விளக்கு எரிய, கதவு திறந்தபடி நின்றது, ஓட்டுநர் இறங்கி வந்து பையை வாங்கிக்கொண்டார். உட்கார்ந்ததும் நோட்டை எடுத்து எழுதினார். நான் அழுதுவிட்டேன்.

பாலிவானிச்சில் வேலை முடிந்து வெளியே வந்தபோது மணி மூன்று. பார்ராவுக்கான கடைசி ஃபெர்ரியைப் பிடிக்கும் பஸ் போய்விட்டிருந்தது, அன்று இரவு விடுதியில் தங்கினோம். பார்ராவிலிருந்து வருபவர்களுக்கு மதியத்துக்கு முன்பே நேரம் கொடுக்கும்படி சுகாதார வாரியத்துக்கு எழுதியிருக்கிறோம், பதில் இன்னும் வரவில்லை. விடுதி அறையில் அம்மா நோட்டில் ஒரு புதுப் பக்கத்தைத் திருப்பி, மேலே 'திரும்பும் பயணம்' என்று தலைப்பு எழுதி, கீழே 1 என்று போட்டார்.