"எனக்கும் அப்படித்தான் லா"

எனக்கு ஏ.டி.எச்.டி. (கவனக்குறைவு, துறுதுறுப்புக் கோளாறு) என்று சொன்னால் கேட்பவர்களில் பாதிப் பேர், "எனக்கும் அப்படித்தான் லா, சாவியை எங்க வெச்சேன்னே ஞாபகம் இருக்காது" என்கிறார்கள். மீதிப் பேர், "இந்த வயசிலயா? அது சின்னப் பசங்களுக்கு வர்றதாச்சே" என்கிறார்கள். ஒவ்வொருவரிடமும் நின்று விளக்க எனக்குப் பொறுமை கிடையாது. அதுவும் நோயில் சேர்ந்ததுதான்.

சாவி எல்லாருக்கும்தான் தொலையும். டாக்டர்கள் பார்ப்பது வேறு. டி.எஸ்.எம்.-5 என்று 2013இல் வந்த அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேட்டில் கவனக்குறைவுக்கு ஒன்பது, துறுதுறுப்புக்கு ஒன்பது என்று அறிகுறிகள் இருக்கின்றன. 17 வயதைத் தாண்டியவருக்கு ஏதாவது ஒரு பட்டியலில் 5 ஆவது பொருந்த வேண்டும். அதுவும் 6 மாதத்துக்குக் குறையாமல், வீடு வேலையிடம் என்று இரண்டு இடங்களிலாவது, பிழைப்பைக் கெடுக்கிற அளவுக்கு. அவற்றில் சில 12 வயதுக்கு முன்பே இருந்திருக்கவும் வேண்டும். பழைய கையேட்டில் இது 7 வயது. ஆக, 39 வயதில் எனக்கு எதுவும் புதிதாக வந்துவிடவில்லை. வகுப்பில் மேசை மேல் ஏறிக் குதிக்கிற பையன் எல்லார் கண்ணிலும் படுவான். ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற பெண்பிள்ளையை யார் கவனித்தார்கள்?

அந்த 12 வயது விஷயத்துக்காக, "சின்ன வயதில் உங்களைப் பார்த்தவர் யாரையாவது கூட்டி வாருங்கள்" என்றார் மனநல மருத்துவர். அண்ணன் வீட்டிலிருந்து, ரவாங்கில் கொமுட்டர் ரயில் ஏறி அம்மா வந்தார். கையில் பிளாஸ்டிக் பை, அதற்குள் என் தமிழ்ப்பள்ளி ரிப்போர்ட் புத்தகம். சீன டாக்டர் மலாயில் கேட்க, என்னைக் காப்பாற்றத்தான் தன்னை அழைத்திருக்கிறார்கள் என்று அம்மா நினைத்துக்கொண்டார். "அனாக் சாயா பண்டாய், டாக்டர்" என்றுதான் தொடங்கினார். என் மகள் கெட்டிக்காரி. மூன்றாம் ஆண்டுப் பக்கத்தில் ஆசிரியர் எழுதியிருந்தது: "நல்ல அறிவு. கவனம் போதாது. பேச்சைக் குறைக்கவும்."

டாக்டர் விடவில்லை. காலையில் யார் எழுப்புவது, பையை யார் அடுக்குவது என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். அப்போதுதான் எல்லாம் வெளியே வந்தது. தினமும் ராத்திரி நாட்காட்டித் தாளின் பின்பக்கத்தில் எழுதிய பட்டியலை வைத்து அம்மாதான் என் பையைச் சரிபார்ப்பார். குளிக்கப் போனால் வெளியே நின்று, "சோப்பு போட்டாச்சா? தண்ணி ஊத்து" என்று குரல் கொடுப்பார். எஸ்.பி.எம். பரீட்சை வருடம் முழுக்க என் மேசைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நெத்திலி தலை கிள்ளிக்கொண்டிருப்பார். "நான் எழுந்து போனா இவளும் எழுந்துடுவா, டாக்டர். அதான் உக்காந்தே இருப்பேன்." டாக்டர் அதை எழுதிக்கொண்டதைப் பார்த்தேன். பக்கத்தில் ஒருவர் சும்மா உட்கார்ந்திருந்தாலே வேலை ஓடும் என்பது ஏ.டி.எச்.டி. உள்ள எங்கள் கூட்டத்துக்கு நன்றாகத் தெரிந்த உபாயம். அதற்கு ஆங்கிலத்தில் பெயர்கூட வைத்திருக்கிறார்கள். அம்மா அதை நெத்திலியோடு சேர்த்துச் செய்திருக்கிறார், அவ்வளவுதான்.

அவரைக்காய்க் கொடிக்குப் பந்தல் மாதிரி ஒரு ஏற்பாடு அது. கொடி தானாக நிற்கிறது என்று கொடி உட்பட எல்லாரும் நம்பிக்கொண்டிருந்தோம்.

வேலையும் அப்படியே அமைந்தது. பிரிக்பீல்ட்ஸில் ஒரு சரக்கு அனுப்பும் கம்பெனியில் ஏற்றுமதி டாக்குமென்ட் பிரிவு. சுங்கத்துக்குக் கே2 ஏற்றுமதிப் படிவம், கப்பல் சரக்குக்குப் பில் ஆஃப் லேடிங் ரசீது, கிள்ளான் துறைமுகத்தில் கப்பல் குளோசிங் என்கிற கடைசி நேரக் கெடு. மாலை 4 மணி கட்-ஆஃப் என்றால் மூன்றே முக்காலுக்கு என்னை மிஞ்ச ஆள் இல்லை. நாலு பேர் கத்துவார்கள், போன் அடிக்கும், என் கை மட்டும் பதறாது. அதே முதலாளி, "அடுத்த வெள்ளிக்குள்ள அந்த ரிப்போர்ட்டை அனுப்பிடு" என்றால், வெள்ளி காலை வரை அந்த வேலை என் உலகத்திலேயே இருக்காது. மூளையின் முன்பகுதியில் டோபமின், நோரட்ரினலின் என்கிற ரசாயனங்கள் வேலை செய்கிற விதத்தில் இருக்கிற வேறுபாடு என்கிறார்கள். எனக்குப் புரிந்த வரையில், முக்கியமான வேலை என்று தெரிந்தால் மட்டும் என்னால் தொடங்க முடியாது. அது அவசரமாக வேண்டும், இல்லை சுவையாக வேண்டும், இல்லை யாராவது பக்கத்தில் இருக்க வேண்டும்.

2020 மார்ச் 18, கொரோனாவுக்காக நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை. ஆபீஸ் மூடியது, வேலை சாப்பாட்டு மேசைக்கு வந்தது. காலை ரயில் இல்லை, கத்துகிற ஆள் இல்லை, பக்கத்து மேசை இல்லை. அதற்குப் பிறகு நடந்ததை விவரிக்க விருப்பமில்லை. கம்பெனி பிறகு அந்த ஆபீஸையே விட்டுவிட்டு எல்லாரையும் வீட்டிலிருந்தே வேலை பார்க்கச் சொல்லிவிட்டது. மன அழுத்தம் என்று நினைத்துத்தான் டாக்டரிடம் போனேன். அவர் தைராய்டுக்கு ரத்தம் எடுத்தார், மனச்சோர்வு இருக்கிறதா என்று பார்த்தார், உலக சுகாதார நிறுவனத்தின் 18 கேள்விப் படிவத்தை நிரப்பச் சொன்னார், கடைசியில் அம்மாவை வரச் சொன்னார்.

மருந்து மெத்தில்ஃபெனிடேட். 1944இல் அதைத் தயாரித்த சுவிஸ் வேதியியலாளர் தன் மனைவி ரீட்டாவின் பெயரை வைத்துத்தான் ரிட்டாலின் என்றாராம். டென்னிஸ் ஆடுவதற்கு முன் அந்த அம்மாள் ஒன்று போட்டுக்கொள்வாராம். நமக்கு அப்படிச் சுலபமாகக் கிடைக்காது. இங்கே மலேசியாவில் அது 1952ஆம் ஆண்டு நச்சுப்பொருள் சட்டத்துக்குள் வருகிறது, டாக்டர் சீட்டு இல்லாமல் வாங்க முடியாது. நான் எடுப்பது மெல்ல மெல்ல வெளியேறும் வகை, கான்செர்ட்டா. மாத்திரைக்குள் நீர் புகப் புக மருந்து ஒரு சின்ன ஓட்டை வழியாக வெளியே தள்ளப்படும், கூடு மட்டும் கரையாமல் அப்படியே கழிவோடு வந்துவிடும். முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், பார்த்துப் பயப்படாதீர்கள்.

அற்புதமெல்லாம் நடக்கவில்லை. முதல் நாள் காலை எழுந்து இன்வாய்ஸ் ஃபைலைத் திறந்தேன், திறந்ததும் வேலையை ஆரம்பித்தேன். அவ்வளவுதான். ஆனால் திறப்பதற்கும் ஆரம்பிப்பதற்கும் நடுவில் அதுவரை எனக்கு அரை நாள் கிடந்தது. மத்தியானம் பசிக்காது, அதனால் மாத்திரைக்கு முன் வயிறாரப் பசியாறிவிட வேண்டும். ரத்த அழுத்தமும் நாடித் துடிப்பும் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். எதை ஆரம்பிப்பது என்று மாத்திரை சொல்லாது. ஒரு காலையில் முழுக் கவனத்தோடு மசாலா டப்பாக்களுக்கு லேபிள் ஒட்டி முடித்தேன்.

"இது ஒரு வரம், சூப்பர் பவர்" என்று வீடியோ போடுகிறவர்கள் மேல் எனக்குக் கோபம் உண்டு. ரோட் டேக்ஸ் செத்து, சம்மனுக்கு மேல் சம்மன் ஏறியவரிடம் போய் வரம் என்று சொல்லிப் பாருங்கள்.

இரட்டையர் ஆய்வுகளில் இந்த நோய்க்குப் பரம்பரையின் பங்கு சுமார் 74 விழுக்காடு என்று டாக்டர் சொன்னபோது அம்மா ஒன்றும் பேசவில்லை. திரும்பும்போது கொமுட்டரில், "ஒங்கப்பாவும் இதானா?" என்றார். ஊரில் யார் ரேடியோ கெட்டாலும் அப்பாதான் திறப்பார். எங்கள் வீட்டுக் கட்டிலுக்கடியில் திறந்தபடியே கிடந்த ரேடியோக்களுக்காக அம்மா ஏசாத நாள் இல்லை. அன்றைக்கு இறங்குகிற வரைக்கும் அப்பாவைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தார். ஏசவில்லை.

இப்போது பந்தலை நானே கட்டிக்கொள்கிறேன், காசு கொடுத்தாவது. வாரத்தில் சில நாள் வாடகை மேசைக்குப் போகிறேன், பக்கத்தில் முன்பின் தெரியாத யாராவது தட்டச்சு செய்துகொண்டிருக்கட்டும் என்று. கட்ட வேண்டிய பில்லை டிராயருக்குள் வைத்தால் எனக்கு அது இல்லாததுதான், ஆகவே எல்லாம் வாசல் கதவில் ஒட்டப்படும். வருகிறவர்கள் படித்துவிட்டுப் போகிறார்கள். முதலாளியிடம் நோயின் பெயரைச் சொல்லவில்லை. "வெள்ளி வேணாம் பாஸ், புதன் மூணு மணின்னு சொல்லுங்க" என்று மட்டும் கேட்டேன். அவருக்கும் அது வசதியாகத்தான் இருக்கிறது.

சாயங்காலம் மாத்திரையின் வேகம் குறைகிற நேரத்தில் எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். அதனால் ஏழு மணிக்கு மேல் வீட்டில் காசு, பில், பிள்ளையின் ஹோம்வொர்க் எதையும் நானும் கணவரும் பேசுவதில்லை. சனிக்கிழமை காலை மாமாக் கடையில் ரொட்டி சானாயோடு அந்த வாரக் கணக்கு முழுவதும் நடக்கும். அவர் போனைப் பார்த்துக்கொண்டு எதிரே உட்கார்ந்திருப்பார். எழுந்து போகக் கூடாது என்பது மட்டும் அவருக்குத் தெரியும்.