ஒன்ராறியோ மாஸ்டர் எலெக்ட்ரீஷியன் சோதினை: நான் படிச்ச விதம்

309ஏ எண்ட எலெக்ட்ரீஷியன் சேட்டிபிக்கற் எடுத்து வருசக்கணக்கா சைட்டில நிண்டு பைப் வளைச்சு பனல் கட்டின ஆக்களே மாஸ்டர் சோதினையில பெயில் விடுறதை நான் கண்டிருக்கிறன். அவைக்கு வேலை தெரியாம இல்லை, என்னைவிட வடிவா வயர் இழுக்கிற ஆக்கள். ஆனா இந்தச் சோதினை நாளைக்கு ஒரு கொம்பனியின்ர வேலைக்கெல்லாம் பொறுப்பு நிக்கப்போற ஆளுக்கு வைக்கிறது, அதை மனசில வச்சுப் படிக்காட்டி கோட் புத்தகத்தையே (ஒன்ராறியோ மின்சாரப் பாதுகாப்பு விதிகள்) திருப்பித் திருப்பிப் படிச்சுப்போட்டு மற்றப் பக்கத்தால, தொழில் நடத்துற சட்டங்களால, அடி வாங்கவேண்டி வரும்.

முதல்ல ஆர் எழுதலாம் எண்டதை கெதியாச் சொல்லிடுறன். 309ஏ இல்லாட்டி 442ஏ (தொழிற்சாலை எலெக்ட்ரீஷியன்) சேட்டிபிக்கற்றும் அதோட 3 வருச வேலை அனுபவமும் வேணும். இஞ்சினியர்மாருக்கும் டெக்னொலஜிஸ்ட்மாருக்கும் வேற வழி இருக்கு, எனக்கு அது தேவைப்படேல்ல. முந்தி ஒவ்வொரு நகரசபையும் தன்ர பாட்டில லைசன்ஸ் குடுத்ததாம், 2007இல இருந்து மாகாணம் முழுக்க ஒரே லைசன்ஸ், அதுக்கான சட்டம் ஒழுங்குவிதி 570/05. பாஸ் மார்க்ஸ் 70 வீதம். அந்த 570/05 பெரிய புத்தகம் ஒண்டுமில்லை, ஒரு பின்னேரத்தில வாசிச்சு முடிக்கலாம், ஆனா ஏனோ தெரியேல்ல ஒருத்தரும் வாசிக்கிறேல்ல.

கோட் பக்கம் எண்டால் புத்தகம் பாத்து எழுதுற சோதினைதான், அதாலதான் கனபேர் ஏமாறுறது. புத்தகம் கையில இருக்கெண்டு போய் இருந்தால் ஒவ்வொரு கேள்விக்கும் பக்கம் தட்டித் தட்டியே நேரம் போயிடும். நான் பாடமாக்கினது விதியை இல்லை, எது எந்த செக்‌ஷனில இருக்கு எண்டதைத்தான்: லோட் கணக்கெண்டால் 8, கிரவுண்டிங் 10, வயரிங் முறை 12, மோட்டார் 28, ஸ்விமிங் பூல் 68. ஆஸ்பத்திரியில நோயாளி இருக்கிற இடம் எண்டால் 24. வேலைக்குப் போகேக்க வானுக்க இருந்து நண்பன் "மச்சான், பெற்றோல் ஷெட்" எண்டுவான், நான் செக்‌ஷன் நம்பரைச் சொல்லோணும், அப்பிடியே சிக்னலுக்குச் சிக்னல் போகும்.

லோட் கணக்கை, அதாவது ஒரு வீட்டுக்கு எவ்வளவு கரண்ட் வேணும் எண்ட கணக்கை மட்டும் கொஞ்சம் ஆறுதலாச் சொல்லவேணும், ஏனெண்டால் மார்க்ஸ் அங்கதான் கிடக்கு. ஒரு வீடு, கீழ்த்தட்டு 100 சதுர மீட்டர், மேல்மாடி 80, பேஸ்மன்ட் 100 எண்டு கேள்வி வந்தால் கை தானா 280 எண்டு கூட்டும். ஆனா கோட் பேஸ்மன்டை 75 வீதம்தான் எடுக்கச் சொல்லுது, அப்ப 100 + 80 + 75 = 255. முதல் 90 சதுர மீட்டருக்கு 5000 வாட், மிச்சம் 165, அதில ஒவ்வொரு 90க்கும், 90இல ஒரு துண்டுக்கும் சரி, 1000 வாட், எனவே 2000. மொத்தம் 7000. 280 எண்டு எடுத்திருந்தால் மிச்சம் 190, அது மூண்டு துண்டாகி 8000 வரும். கேள்வி செய்யிற ஆக்களுக்கு இது வடிவாத் தெரியும், விடைகளுக்க 8000உம் சிரிச்சுக்கொண்டு இருக்கும்! கரண்ட் அடுப்புக்கு 6000, 12 கிலோவாட்டைத் தாண்டினால் தாண்டின பங்கில 40 வீதம் மேலதிகமா, 14 கிலோவாட் அடுப்பெண்டால் 6800. அடுப்புப் போட்டிருக்கிற வீட்டில 5000 வாட் ட்ரையருக்கு 25 வீதம்தான், 1250. ஏசியும் கரண்ட் ஹீட்டிங்கும் ஒரே நேரத்தில ஓடாத மாதிரி இருந்தால் ரெண்டில பெருசை மட்டும் எடுக்கோணும். இதை நான் என்ர வீட்டுக்கே முதல்ல போட்டுப் பாத்தனான், பிறகு சொந்தக்காரர் வீடுகளுக்கும், பெரியம்மா "ஏன்ரா தம்பி எங்கட அடுப்பை எட்டி எட்டிப் பாக்கிறாய்" எண்டு கேக்கிற அளவுக்குப் போயிட்டுது.

யூடியூப் பாத்துப் படிக்கிற பெடியளுக்கு ஒண்டு. அங்க இருக்கிறதில முக்காவாசி அமெரிக்கன் கோட். வீட்டுக் கணக்கை அவங்கள் சதுர அடியில வேற மாதிரிப் போடுவாங்கள். மோட்டார் ப்ரேக்கர் அதைவிட மோசம். 27 அம்பியர் மோட்டார் எண்டு வையுங்கோ, ப்ரேக்கர் 250 வீதம் வரைக்கும், 67.5 வருது. அமெரிக்கனில அடுத்த பெரிய சைஸுக்குப் போய் 70 எண்டுவான். எங்கட ரேபிள் 29இல இருக்கிறது உச்சவரம்பு, தாண்டக்கூடாது, எனவே அதுக்குக் கீழ இருக்கிற சைஸ், 60. ரெண்டு விடையும் கேள்வித்தாளில பக்கத்தில பக்கத்தில இருந்தால் எதைத் தொடுவியள்? படிக்கிறதெண்டால் கனடாக் கோட் சொல்லித்தாற ஆளிட்ட படியுங்கோ.

இனி மற்றப் பக்கம், தொழில் நடத்துற சட்டங்கள். இதுக்கு எனக்கு வாத்தியார் என்ர மனிசிதான். அவ ஒரு கொம்பனியில பேரோல் பாக்கிறவ, நான் கறிச்சட்டிக்குப் பக்கத்தில பேப்பரை வச்சுக்கொண்டு நிக்க வெங்காயம் வெட்டிக்கொண்டே சொல்லுவா: வக்கேசன் காசு 4 வீதம், 5 வருசம் முடிஞ்சால் 6, கிழமைக்கு 44 மணித்தியாலம் தாண்டினால் ஓவர்டைம், ஆள் காயப்பட்டால் 3 வேலை நாளுக்க டபிள்யூஎஸ்ஐபிக்கு (வேலையிடக் காப்புறுதிச் சபை) அறிவிக்கோணும், வருச வியாபாரம் 30,000 டொலர் தாண்டினால் எச்எஸ்ரி விற்பனை வரிக்குப் பதியோணும். "உங்களுக்கு சம்பளம் வாறது மட்டும்தானே தெரியும், குடுக்கிறதெப்பிடி எண்டு இப்பயாவது படியுங்கோ" எண்டு ஒரு குத்தும் விழும். உண்மையாவும் அப்பிடித்தான். தொழிலாளியா நிக்கேக்க இந்த இலக்கங்கள் ஒண்டும் எங்கட தலைக்குள்ள ஏறுறேல்ல.

இதோட கட்டுமானச் சட்டம், குடுக்கிற காசில பத்து வீதம் பிடிச்சு வைக்கிறது, காசு வராட்டி அந்தச் சொத்தில உரிமை கோருற லீன் போட 60 நாள். நுகர்வோர் சட்டத்தில, எஸ்டிமேட் குடுத்தால் அதுக்கு மேல 10 வீதத்துக்கு மிஞ்சி வாங்கேலாது. எனக்குத் தெரிஞ்ச ஒரு கொன்ட்ராக்டர் இதை வாசிச்சா மயங்கி விழுந்திடுவார். பாதுகாப்புச் சட்டத்தில, 20 ஆக்கள் வேலை செய்தால் பாதுகாப்புக் கொமிட்டி, ஆறு பேரில இருந்து 19 வரை ஒரு பிரதிநிதி. வேலை தொடங்கி 48 மணித்தியாலத்துக்க இன்ஸ்பெக்‌ஷனுக்குப் பதியோணும் எண்டது கோட்டிலேயே ரெண்டாவது செக்‌ஷனில கிடக்கு, நாங்கள் ஒருத்தரும் அந்தப் பக்கத்தைத் திருப்புறேல்ல, நேர ரேபிளுக்கு ஓடுறது.

சோதினை நாளில நான் செய்தது, புத்தகம் தேவைப்படாததுகளை முதல் ஓட்டத்திலேயே முடிச்சன், பிறகு ஒரு இடம் பாத்தால் போதும் எண்டதுகள், கணக்குகளைக் கடைசிக்கு விட்டன். சட்டக் கேள்விகள் அந்த முதல் ஓட்டத்திலேயே கனக்க விழுந்துது. அதில மிச்சம் பிடிச்ச நேரத்திலதான் மோட்டார் கணக்கை ஆறுதலா இருந்து ரெண்டாந்தரமும் போட்டுப் பாக்க முடிஞ்சுது.

பாஸ் பண்ணினவுடன தனிய தொழில் தொடங்கலாம் எண்டு நினைக்காதேங்கோ. அதுக்கு கொன்ட்ராக்டர் லைசன்ஸ் வேற, 20 லட்சம் டொலருக்கு இன்சூரன்ஸ் வேற. ஒவ்வொரு கொன்ட்ராக்டரிட்டயும் பொறுப்பெண்டு பதிஞ்ச மாஸ்டர் ஒராளாவது இருக்கோணும், ஒரு மாஸ்டர் ஒரு கொன்ட்ராக்டருக்குத்தான் நிக்கலாம், வேலையைத் திட்டமிடுறதும் மேற்பார்வை பாக்கிறதும் அவர்தான். இது தெரிஞ்சு போன் அடிக்கிற ஆக்களும் இருக்கினம். ரிசல்ட் வந்த கொஞ்ச நாளிலேயே ஒருத்தர் எடுத்து, "தம்பி, பேரை மட்டும் போடுவம், நீர் சைட்டுக்கு வரவே தேவையில்லை, மாசம் ஒரு தொகை தாறன்" எண்டார். நான் அவரிட்ட கேட்டது, உங்கட சைட்டில எத்தினை 309ஏ ஆக்கள் நிக்கினம் எண்டு மட்டும்தான். "அதை விடும்" எண்டார். வைச்சிட்டன்.