பத்தொன்பது நாள் வேலை, ஐந்து நாள் பெயின்ட்

குளியலறையை ஒட்டிய படுக்கையறைச் சுவர் முதலில் லேசாக உப்பியது. விரலால் அமுக்கினால் உள்ளே காற்று இருப்பது போல அமுங்கும். சில வாரங்களில் அந்த இடம் பொருக்காக உரிந்து தரையில் விழுந்தது. அடியில் வெள்ளையாக உப்புப் பொடி. அந்தச் சுவருக்குப் பெயின்ட் அடித்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. மூன்றே நாளில் மொத்த வீட்டையும் முடித்துக் கொடுத்திருந்தார்கள். இவ்வளவு சீக்கிரம் முடிந்ததே என்று அப்போது நாங்கள் மகிழ்ந்தோம்.

இந்த முறை நானும் மனைவியும் நாங்களே செய்வதென்று முடிவெடுத்தோம். மனைவியின் தாய்மாமா 30 வருஷத்துக்கு மேல் பெயின்டராக இருந்தவர். முட்டிவலியால் ஏணி ஏறுவதை விட்டுவிட்டார். உட்கார்ந்து சொல்லித் தருகிறேன் என்று வந்தார். எத்தனை அங்குல பிரஷ் வாங்கட்டும் என்று கேட்டேன். “அதெல்லாம் கடைசில பாத்துக்கலாம் மாப்பிள்ளை. இந்தச் சுவத்துக்குத் தண்ணி எங்கேர்ந்து வருதுன்னு முதல்ல பாருங்க” என்றார்.

அதற்கு அவர் செய்யச் சொன்ன சோதனை எளிமையானது. ஒரு முழம் பிளாஸ்டிக் தாளை எடுத்து, நாலு பக்கமும் காற்றுப் போகாமல் டேப் ஒட்டிச் சுவரில் ஒரு நாள் விட வேண்டும். தாளின் வெளிப்பக்கம் ஈரம் கோத்திருந்தால் அறைக் காற்றில் உள்ள ஈரம். சுவரைப் பார்த்த பக்கம் கோத்திருந்தால் சுவருக்குள்ளிருந்து வருகிற ஓதம். எங்களுக்கு உள்பக்கம் துளித்துளியாக நின்றது. பிளம்பரை வரவழைத்துப் பார்த்ததில் சுவருக்குள் போகும் குழாயின் இணைப்பில் கசிவு. அதைச் சரி செய்தபின், கெட்டுப்போன பூச்சைக் கொத்தி எடுத்துவிட்டு மூன்று வாரம் சும்மா காய விட்டோம். அதே தாள் சோதனையை மறுபடி செய்து, உள்பக்கம் உலர்ந்திருப்பதைப் பார்த்த பிறகுதான் மாமா அந்தச் சுவரைத் தொட அனுமதித்தார். உப்பை உலர்ந்த பிரஷால் தேய்த்துத்தான் எடுக்க வேண்டும் என்பதையும் அப்போதுதான் கற்றேன். தண்ணீர் ஊற்றிக் கழுவினால் உப்பு கரைந்து சுவருக்குள்ளேயே திரும்பப் போய்விடும்.

இந்தக் காத்திருப்பை விட்டுவிட்டு எண்ணினால் மொத்தம் 19 நாள் வேலை. அதில் பெயின்ட் அடித்தது 5 நாள்.

சாமான்களை ஒதுக்கியது, மெயினை அணைத்துவிட்டு சுவிட்ச் பலகைகளின் மூடிகளைக் கழற்றியது, தரைக்குத் துணி விரித்தது எல்லாம் ஒரு நாளில் முடிந்தது. அடுத்து, பழைய பெயின்ட் எந்த நிலையில் இருக்கிறது என்று பார்த்தோம். கறுப்புத் துணியால் சுவரைத் துடைத்தால் கூடத்தில் வெள்ளைப் பொடி ஒட்டியது. அந்தப் பொடி போகும்வரை தேய்த்துத் துடைக்காமல் மேலே எது பூசினாலும் பிடிக்காது. பிளேடால் குறுக்கும் நெடுக்கும் சின்னதாகக் கீறி, டேப்பை அழுத்தி ஒட்டிச் சட்டென்று இழுத்தோம். பெயின்ட் டேப்போடு வந்த இடங்களையெல்லாம் சுரண்டினோம். கதவுகளில் பஞ்சை ஸ்பிரிட்டில் நனைத்துத் தேய்த்துப் பார்த்தோம். தண்ணீரில் கரைக்கிற வகை பெயின்டாக இருந்தால் நிறம் பஞ்சில் ஏறும். ஏறவில்லை, ஆகவே ஆயில் பெயின்ட்.

கதவு எத்தனை வருஷப் பழசு என்று மாமா உடனே கேட்டார். பழைய ஆயில் பெயின்டில் ஈயம் இருக்க வாய்ப்புண்டு. உலர்வாகத் தேய்த்தால் அந்தத் தூசி மூச்சிலும் தரையிலும் சேரும், குழந்தைகளுக்கு அது மிகவும் கெடுதல். அதனால் கதவுகளை ஈரப்படுத்தி, நனைத்துத் தேய்க்கிற உப்புத்தாளான வாட்டர் பேப்பரால் மட்டுமே தேய்த்தோம். கழிவை ஈரத் துணியால் துடைத்துக் கட்டிப் போட்டோம். மகளை அந்த நாட்களில் பாட்டி வீட்டுக்கு அனுப்பிவிட்டோம். பழைய வீடாக இருந்தால் தயவுசெய்து இந்த ஒரு விஷயத்தில் அவசரப்படாதீர்கள்.

விரிசல்களை அப்படியே மூடக் கூடாது. சுரண்டும் தகட்டின் முனையால் வாய் அகலமாகத் திறந்து, தூசியை பிரஷால் தட்டிவிட்டு, பிறகு அடைக்க வேண்டும். கதவு நிலையும் சுவரும் சேரும் இடத்தில் நான் பட்டி (குழியையும் விரிசலையும் நிரப்பிச் சமப்படுத்தும் பசை) வைத்தேன், மாமா எடுக்கச் சொன்னார். மரம் விரியும், சுருங்கும். கெட்டியான பட்டி அங்கே மறுபடி வெடிக்கும். அந்த இடங்களுக்கு வளைந்து கொடுக்கிற அக்ரிலிக் சீலன்ட்.

சுவருக்கு முதலில் ஒரு கோட் பிரைமர் (பெயின்டுக்கு முன் அடிக்கும் அடிப்பூச்சு), அதன்மேல் அக்ரிலிக் பட்டி இரண்டு கோட், தேய்ப்பு, மறுபடி பிரைமர். உலர்ந்து கிடக்கும் சுவர் பட்டியிலுள்ள ஈரத்தைச் சட்டென்று உறிஞ்சிக்கொள்ளும், அப்புறம் பட்டி பிடிக்காமல் பொருக்காகும். அதற்குத்தான் அடியில் பிரைமர். பட்டியைத் தடிமனாக ஒரே தடவையில் அப்புவதைவிட மெல்லியதாக இரண்டு தடவை இழுப்பது நல்லது. இரண்டாவது கோட்டை முதல் கோட்டுக்குக் குறுக்காக இழுத்தோம்.

பட்டி காய்ந்ததும், பகல் வெளிச்சத்தில் சுவர் கண்ணாடி போல இருக்கிறது என்று நினைத்தேன். இருட்டட்டும் என்றார் மாமா. இரவில் அறை விளக்கை அணைத்துவிட்டு, ஒரு எல்ஈடி விளக்கைச் சுவரோடு ஒட்டிப் பக்கவாட்டில் பிடித்தார். அதுவரை கண்ணுக்குத் தெரியாத பட்டி இழுத்த தகட்டின் கோடுகள், குழிகள், கட்டிகள் எல்லாம் நிழல் விழுந்து எழுந்து நின்றன. என் மனைவி ஒவ்வொன்றையும் பென்சிலால் லேசாக வட்டமிட்டாள். பேனாவால் குறித்தால் மை பெயின்டை ஊடுருவி மேலே வந்துவிடும். ஒரு சுவரில் மட்டும் 40-க்கும் மேல் வட்டங்கள். மறுநாள் குழிகளுக்குப் பட்டி, மேடுகளுக்கு உப்புத்தாள். தாளைக் கையில் பிடிக்காமல் மரக்கட்டையில் சுற்றிக்கொண்டு தேய்த்தோம்; விரலால் தேய்த்தால் விரல் பள்ளம் விழுகிறது. சொரசொரப்பான 120 நம்பர் தாளில் தொடங்கி, மென்மையான 220-இல் முடித்தோம். என்95 முகக்கவசமும் கண்ணாடியும் இல்லாமல் அந்தத் தூசியில் நிற்கவே முடியாது.

மூன்று இரவுகள் இப்படி விளக்கு பிடித்தோம். கண் மட்டும் போதாது என்று மாமா உள்ளங்கையைச் சுவரில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு தடவிக்கொண்டே போவார். “இங்க ஒண்ணு இருக்கு” என்பார். விளக்கை வைத்துப் பார்த்தால் இருக்கும். மூன்றாவது நாள் என் கைக்கும் அது தெரிய ஆரம்பித்தது. இந்த வேலையில் எனக்குக் கிடைத்த மிகப் பெரிய சந்தோஷம் அதுதான்.

இரண்டாவது பிரைமர் அடித்ததும் சுவர் முழுக்க ஒரே வெள்ளையாகி, விட்டுப்போன சில குறைகள் மறுபடி தெரிந்தன. அவற்றைச் சரி செய்த இடங்களுக்குத் தனியாகப் பிரைமர் தொட்டுவிட வேண்டும். இல்லையென்றால் அந்தத் திட்டுகள் பெயின்டை அதிகம் உறிஞ்சி, மேலே வேறு பளபளப்பில் தெரியும்.

நிறத்தைச் சின்ன அட்டையைப் பார்த்துத் தேர்ந்தெடுக்காமல், பெரிய பலகைகளில் இரண்டு கோட் அடித்து, காலையிலும் மாலையிலும் விளக்கொளியிலும் வேறுவேறு சுவர்களில் சாய்த்துப் பார்த்தோம். கூடத்துக்குப் பளபளப்பில்லாத மேட் வகை எடுத்தோம். பளபளப்பு கூடக்கூடச் சுவரின் சின்னக் குறையும் தெரியும். கை படுகிற நடைபாதைக்கு மட்டும் கழுவக்கூடிய வகை.

கூரை முதலில், சுவர் அடுத்தது, மர வேலை கடைசியில். ஒரே நிறத்து டின்களையெல்லாம் பெரிய வாளியில் ஒன்றாகக் கலந்து வடிகட்டிக்கொண்டோம், ஏனென்றால் டின்னுக்கு டின் நிறம் மயிரிழை மாறலாம். புது ரோலரை டேப்பில் உருட்டி உதிரும் நாரை எடுத்தோம். ஓரங்களை மனைவி பிரஷால் இரண்டு அங்குலம் இழுக்க, அது காய்வதற்குள் நான் பின்னாலேயே ரோலரில் வருவேன். ஓரம் ஈரமாக இருக்கும்போதே அடுத்த பட்டை அதைத் தொட வேண்டும். அதற்காக மின்விசிறியை நிறுத்தி வைத்தோம். ஒரு சுவரை ஆரம்பித்தால் மூலை முதல் மூலைவரை முடிக்காமல் இருவரும் நகரவில்லை.

கூடத்தில் ஒரு இடம் மெலிதாகத் தெரிந்தது. பத்து நிமிஷம் கழித்து அதன்மேல் ரோலரை ஓட்டிவிட்டேன். பாதி காய்ந்த பெயின்ட் இழுபட்டு, தழும்பு மாதிரி நின்றுவிட்டது. அதைத் தொடவே விடவில்லை மாமா. மறுநாள் நன்றாகக் காய்ந்தபின் தேய்த்து, அந்தச் சுவர் முழுவதற்கும் இன்னொரு கோட் அடித்தோம். திட்டாக அடித்தால் திட்டாகவே தெரியும் என்றார்.

மாஸ்கிங் டேப்பைக் கடைசிக் கோட் முழுதாகக் காயும் முன்பே, சாய்வாக மெல்ல இழுத்து எடுத்தோம். மறந்து விட்டுப்போன ஒரு ஜன்னலில் மட்டும் பிளேடால் ஓரத்தை அறுத்துவிட்டு எடுக்க வேண்டியிருந்தது. கதவுகளைக் கழற்றிப் படுக்க வைத்து எனாமல் அடித்ததால் வழிசல் இல்லை. கோட்டுக்குக் கோட் 320 தாளால் லேசாகத் தேய்த்தோம்.

தொட்டால் உலர்ந்திருந்தாலும், சுவரில் அடித்த எமல்ஷன் (தண்ணீரில் கரைக்கிற வகை பெயின்ட்) இறுக மூன்று, நான்கு வாரம் ஆகும். அதுவரை சுவரைத் துடைக்கவில்லை, அலமாரியை ஒட்டி நகர்த்தவில்லை. மிச்சமான பெயின்டைச் சின்னச் சின்ன டப்பாக்களில் நிரப்பி, அறை, நிற எண், அடித்த தேதி எழுதி ஒட்டியிருக்கிறோம். படுக்கையறை டப்பாவில் குழாய் இணைப்பு மாற்றிய தேதியையும் மனைவி எழுதி வைத்திருக்கிறாள்.