முட்டைகளோடு பதினோரு வாரம்

முதல் வெள்ளைப் புள்ளியைக் கண்டுபிடித்தவள் என் மகள். பள்ளிக்குக் கிளம்பும் அவசரத்தில், நான் பவளம் வளர்க்கும் கடல்நீர்த் தொட்டியின் முன் நின்று, "அம்மா, பச்சைப் பவளத்தை யாரோ ஊசியால் குத்தியிருக்கிறார்கள்" என்றாள். குனிந்து பார்த்தேன். மில்லெபோரா என்ற அந்தப் பவளத்தின் கிளைகளில், வெளிச்சம் படாத அடிப்பக்கத்தில், ஒரு மில்லிமீட்டர் அளவில் வட்ட வட்டமாக வெளிறிய தடங்கள். அந்த வாரம் நீரின் காரத்தன்மை (dKH என்ற அலகில்) 8-லிருந்து 7.4-க்கு இறங்கியிருந்தது. காரணம் அதுதான் என்று முடிவு கட்டி, இரண்டு வாரம் அதைச் சரிசெய்வதிலேயே கழித்தேன். உண்மையான காரணம் பவளத்தைத் தின்னும் ஒரு தட்டைப்புழு. அந்த இரண்டு வாரத்தை நினைத்தால் இன்றும் மனம் கசக்கிறது.

நாங்கள் இருப்பது சிங்கப்பூரின் செங்காங்கில், ஒரு வீவக (அரசு அடுக்குமாடி) வீடு. வரவேற்பறையில் மூன்றடி நீளத் தொட்டி, 240 லிட்டர். சிங்கப்பூர் வெயிலில் குளிரூட்டி இல்லாமல் விட்டால் பிற்பகலுக்குள் நீர் 30 பாகையைத் தாண்டிவிடும். நான் 26-இல் நிறுத்தி வைத்திருக்கிறேன். அதில் கிளை கிளையாக வளரும் அக்ரோபோரா வகைப் பவளங்கள் மட்டும் பதினொன்று இருந்தன. அவற்றில் மில்லெபோராதான் மூத்தது. இரண்டு விரற்கடை நீளத் துண்டாக வந்து, ஆறு ஆண்டுகளில் என் இரு கைகளையும் குவித்தால் கொள்ளும் அளவுக்கு வளர்ந்திருந்தது. மாலையில் நீல விளக்கு எரியும்போது அது பச்சையாக ஒளிர்வதைப் பார்ப்பதற்காகவே பல நாள் வேலை முடிந்ததும் நேரே வீட்டுக்கு வந்திருக்கிறேன்.

மூன்றாவது வாரம் புள்ளிகள் மேல்நோக்கி ஏறின. கிளைகளின் நுனியில் வளர்ச்சி நின்றது, நிறம் மங்கியது. ஓர் இரவு, ரப்பர் குமிழ் வைத்த நீண்ட குழாயால் பவளத்தின் அடியில் நீரை வேகமாகப் பீய்ச்சினேன். ஏதோ ஒன்று கழன்று, ஊறிய அவல் போல மெல்லப் புரண்டு, மறுபடி கிளையில் ஒட்டிக்கொண்டது. ஒட்டிய மறுகணம் என் கண்ணுக்குத் தெரியவில்லை! கண்ணாடியோடு முகத்தை வைத்துப் பார்த்தும் இடம் பிடிபடவில்லை. மீண்டும் பீய்ச்சினேன், இரண்டு புரண்டன.

இந்தத் தட்டைப்புழுவின் முழுத் தந்திரமும் இதுதான். பவளத்தின் சதையைத் தின்னும்போது, அந்தச் சதைக்குள் வாழும் நுண்பாசிகளும் ஒளிரும் நிறமிகளும் புழுவின் உடலுக்குள் போய்விடுகின்றன. தின்ற பவளத்தின் நிறமே அதன் நிறமாகிறது. பச்சைப் பவளத்தில் பச்சையாக, பழுப்பில் பழுப்பாக, நீல விளக்கில் பவளத்தோடு சேர்ந்து தானும் ஒளிர்ந்துகொண்டு படுத்திருக்கும். காகிதம் போல மெலிந்த உடல். சென்டிமீட்டரைத் தாண்டி வளர்ந்தவையும் உண்டு என்றாலும் பெரும்பாலானவை அதைவிடச் சிறியவை.

பவளம் வளர்ப்பவர்கள் பல ஆண்டுகள் இதோடு மல்லுக்கட்டிய பிறகே, 2011-இல் கேட் ராலின்சனும் அவருடைய குழுவும் இதை முறையாக விவரித்து 'அமாகுசாபிளானா அக்ரோபொரே' என்று பெயரிட்டார்கள். அதுவரை இது மீன்தொட்டிகளில் மட்டுமே அறியப்பட்டிருந்தது. அடுத்த ஆண்டே ஆஸ்திரேலியாவின் பெருந்தடுப்புப் பவளத்திட்டில், லிசார்ட் தீவருகே, கடலில் வாழும் அக்ரோபோராவிலும் கண்டார்கள். 2019-இல் பேரினம் மாறி 'புரோஸ்தியோஸ்டோமம் அக்ரோபொரே' ஆனது. கடலில் இதைத் தின்ன ஆயிரம் வாய்கள் உண்டு. என் தொட்டியில் இருந்தது ஒரே ஒரு வாய். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

ஒரு விஷயத்தை இங்கே தெளிவுபடுத்த வேண்டும். தொட்டியின் பாறையிலும் கண்ணாடியிலும் செம்பழுப்பு நிறத்தில், வால் பிளந்து, கூட்டம் கூட்டமாகப் படரும் புழுவும் தட்டைப்புழு என்றே அழைக்கப்படுகிறது. அது பவளத்தைத் தின்பதில்லை. மேலே படர்ந்து வெளிச்சத்தை மறைக்கிறது. அதற்குத் தொட்டி நீரிலேயே கலக்கும் மருந்து இருக்கிறது. செத்த புழுக்கள் நஞ்சைக் கக்கும் என்பதால் முதலில் முடிந்தவரை உறிஞ்சி எடுத்துவிட்டுத்தான் அதை ஊற்ற வேண்டும். அந்த மருந்தை வாங்கி ஊற்றினால் அக்ரோபோரா புழுவும் ஒழியும் என்று நம்பிக் காத்திருக்காதீர்கள். பவளத்தை வெளியே எடுத்துத்தான் ஆக வேண்டும்.

எடுத்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, தரையில் பழைய துண்டுகளை விரித்து, மூன்று வெள்ளை வாளிகளை வரிசையாக வைத்தேன். முதல் வாளியில் பவளங்களை ஊறவைப்பதற்கான மருந்து கலந்த கடல்நீர், மற்ற இரண்டிலும் அலசுவதற்குச் சுத்தமான கடல்நீர். மருந்தில் இறக்குவதற்கு முன் கிளைகளுக்கிடையே குடியிருந்த இரண்டு டெட்ராலியா நண்டுகளை மரக்குச்சியால் மெல்ல வெளியே வரவழைத்தேன். அக்ரோபோராவை விட்டால் வேறு வீடு இல்லாத உயிர்கள் அவை; மருந்தில் பவளத்தோடு சேர்த்து அமிழ்த்தினால் செத்துவிடும். பிறகு பத்து நிமிடம், குழாயால் விடாமல் பீய்ச்சல். மருந்து புழுவை மயக்குகிறது, ஆனால் தானாக விழவைப்பதில்லை, நாம்தான் அடித்துத் தள்ள வேண்டும். மில்லெபோராவிலிருந்து மட்டும் 43 புழுக்கள். வெள்ளை வாளியின் அடியில் அவை சுருண்டு கிடந்ததைப் பார்த்தபோது என் கை நடுங்கியது.

அன்று மாலை பவளங்களைத் திரும்பத் தொட்டியில் வைக்கப் போன என்னைத் தடுத்தது முட்டைகள்தான். மில்லெபோராவின் அடியில், சதை இறந்து வெள்ளை எலும்பு தெரிந்த இடத்தில், கசகசாவைவிடச் சிறிய தேன் நிறப் பொட்டுகள் நெருக்கமாக ஒட்டியிருந்தன. ஒவ்வொரு பொட்டும் ஓர் உறை, ஒவ்வோர் உறைக்குள்ளும் பல குஞ்சுகள். எந்தக் குளியல் மருந்தும் அந்த உறைக்குள் போகாது. கடைகளில் இதை யாரும் சொல்வதில்லை. புட்டியை நீட்டி, "பத்து நிமிடம் முக்குங்கள், போதும்" என்கிறார்கள். நானும் நான்கு மாதம் முன்பு அப்படித்தான் செய்திருந்தேன்.

நான் பல் மருந்தகத்தில் உதவியாளராக இருக்கிறேன். பற்காரை சுரண்டும் வளைந்த கருவி ஒன்றைச் சொந்தமாக வாங்கி, உருப்பெருக்கிக் கண்ணாடி மாட்டிக்கொண்டு, ஒவ்வொரு பவளத்தின் அடியையும் சுரண்டினேன். பழக்கப்பட்ட வேலைதான், ஆனால் இந்த வாய் மூடிக்கொள்ளவும் இல்லை, வலிக்கிறது என்று சொல்லவும் இல்லை. பவளங்கள் ஒட்டியிருந்த பழைய பீங்கான் வட்டுகளைக் குப்பையில் போட்டேன். உயிரில்லாத அடியை வெட்டி நீக்கி, உயிருள்ள கிளையைப் புதிய வட்டில் பசை வைத்து ஒட்டினேன். வெட்டிய இடத்தில் வெறும் எலும்பு தெரியாதபடி பசையால் மூடினேன். வெறும் எலும்பு தெரிந்தால் அங்கேதான் அடுத்த முட்டை.

அடுத்தது நாள்காட்டி. 27 பாகை வெப்பத்தில் முட்டை பொரிய ஏறத்தாழ 11 நாள், முட்டையிலிருந்து அடுத்த முட்டை வரை ஏறத்தாழ 38 நாள் என்று ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். நீர் குளிர்ந்தால் இது நீளும். ஆகவே ஒரு குளியல் என்பது ஒன்றுமே இல்லை. பொரிந்த குஞ்சு வளர்ந்து முட்டையிடுவதற்குள் பிடிக்க வேண்டும். அதையும் வாரம் தவறாமல், ஒரு தலைமுறைக்கும் மேலாகச் செய்ய வேண்டும். பதினொரு பவளங்களையும் 60 லிட்டர் பிளாஸ்டிக் தொட்டி ஒன்றுக்கு மாற்றினேன். பெரிய தொட்டியில் அக்ரோபோரா ஒரு துணுக்குகூட இருக்கக் கூடாது. இருந்தால் அங்கே பொரியும் குஞ்சுக்கு அதுவே சோறு. மில்லெபோரா பாறையில் படர்ந்திருந்த மெல்லிய படலத்தை உளியால் பெயர்த்தேன், பெயராத இடத்தை எபாக்சி மாவால் பூசி மூடினேன்.

கணவர் ஞாயிறுதோறும் கடல்நீர் கலந்து கொடுத்தார். எண்ணிக்கையைக் குளிர்பதனப் பெட்டியின் கதவில் மகள் எழுதினாள்: 61, 19, 6, 0. நான்காவது வாரத்தின் சுழியத்தைப் பார்த்து, போதும் என்று கணவர் சொன்னார். ஐந்தாவது வாரம் 2. இரண்டும் நகக்கண் அளவுகூட இல்லை, கண்ணாடி போல நிறமற்றவை, இன்னும் எதையும் அதிகம் தின்றிராத குஞ்சுகள். நான் சுரண்டியதில் தப்பிய முட்டை எங்கோ இருந்திருக்கிறது. மறுபடி எல்லாவற்றையும் சுரண்டினேன். ஆறிலிருந்து பதினொன்றாம் வாரம் வரை சுழியம்தான், ஆனாலும் ஒரு வாரத்தையும் விடவில்லை.

அந்த ஒரே ஒரு வாய், ஆறு வரி ராஸ் மீன். அது இந்தப் புழுவை நன்றாகவே தின்னும், ஆய்விலும் நிரூபித்திருக்கிறார்கள். லிஸ்மாட்டா வகை இறால் முட்டை உறைகளையும் தின்கிறது. ஆனால் என் தொட்டியில் அந்த மீன்தான் நான்கு மாதம் நோயை மறைத்து வைத்திருந்தது என்று இப்போது எண்ணுகிறேன். வெளியே வரும் புழுக்களை அது கொத்திக்கொண்டே இருந்ததால், கிளைகளின் இடுக்கில் இருந்தவை என் கண்ணில் படவில்லை. மீனை நம்புங்கள், ஆனால் குழாயால் பீய்ச்சிப் பார்ப்பதை நிறுத்தாதீர்கள்.

இதற்கு இடையில் தூத்துக்குடியிலிருந்து அம்மா வந்திருந்தார். நான் தரையில் உட்கார்ந்து சுரண்டுவதைப் பார்த்துவிட்டு, தன் சிறுவயதில் தீவுகளுக்கு அருகிலிருந்து படகு படகாகப் பவளக்கல்லை வெட்டி வந்து சுண்ணாம்புக் காளவாசலில் போட்டு எரித்ததைச் சொன்னார். மன்னார் வளைகுடாவில் விலாங்குசல்லித் தீவும் பூவரசன்பட்டித் தீவும் கடலுக்குள் போனதற்கு அந்த வெட்டும் ஒரு காரணம். "எங்களுக்கு அது கல், உனக்கு அது பிள்ளையா?" என்று கேட்டார். கேலியாகக் கேட்கவில்லை. பிறகு உருப்பெருக்கியை வாங்கி, நீருக்குள் பாலிப்கள் என்னும் சின்னஞ்சிறு பவள உயிர்கள் ஒவ்வொன்றாக விரிவதை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

தமிழ்நாட்டிலிருந்து எழுதும் நண்பர்கள், இந்தப் பவளத்தை எங்கே வாங்கலாம் என்று கேட்கிறீர்கள். வாங்காதீர்கள். இந்தியாவில் 2001 முதல் கல் பவளங்கள் அனைத்தும் வனவுயிர் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. புலிக்கு உள்ள பாதுகாப்பு அவற்றுக்கும் உண்டு. யாராவது விற்றால், அது எந்தக் கடலிலிருந்து வந்தது என்று யோசியுங்கள்.

பதினொரு பவளங்களில் எட்டு பிழைத்தன. மில்லெபோராவில் மிஞ்சியது மூன்று கிளைகள்.

புழு வந்த வழியும் தெரிந்தது. பிப்ரவரியில் பொங்கோலில் இருக்கும் ஓர் அண்ணன் அன்போடு கொடுத்த ஊதா நிறத் துண்டு. அவர் தொட்டி அவ்வளவு அழகு. அதனால் தனியே வைத்துக் கவனிக்காமல் ஒரு முறை மட்டும் முக்கிவிட்டு உள்ளே வைத்துவிட்டேன். அவரிடம் இதை எப்படிச் சொல்வது என்று பத்து நாள் தயங்கினேன். கடைசியில் தொலைபேசியில் சொன்னபோது அவர் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "நீ சொன்ன அந்தக் குழாயை எடுத்துக்கொண்டு வா, தங்கச்சி" என்றார். அவருடைய தொட்டியில் முதல் பீய்ச்சலிலேயே நான்கு புரண்டன. இந்த ஞாயிறு அங்கே மூன்றாவது குளியல். சுரண்டும் கருவியை அவருக்கும் ஒன்று வாங்கிக் கொடுத்திருக்கிறேன்.