ஸ்வெட்டர் போடும் நேரம்: கொடைக்கானல் பால்வாடி நாட்குறிப்பு

டிசம்பர் 1, திங்கள்

குளிர் இறங்கியாச்சு. இனி பிப்ரவரி வரை பெரிய பாடமே ஸ்வெட்டர்தான். மூன்று வயதுப் பிள்ளைக்குக் கழற்ற வரும், போட வராது. முன்பக்கம் திறக்கும் ஸ்வெட்டரை உள்பக்கம் மேலே தெரியத் தரையில் விரித்து, கழுத்துப்பக்கம் பிள்ளையின் கால்மாட்டில் வரும்படி வைக்கணும். குனிந்து இரண்டு கையையும் நுழைத்துத் தலைக்கு மேலே தூக்கிப் பின்னால் தள்ளினால் சரியாக இறங்கிவிடும். கழுத்துப்பக்கம் மாறினால் தலைகீழாக மாட்டிக்கொள்ளும். பலருக்குத் தப்புவது இங்கேதான்.

பட்டனைக் கீழிருந்து ஆரம்பிக்கணும். மேல் பட்டன் பிள்ளையின் கண்ணுக்கே தெரியாது. பாதி நுழைத்துக் கொடுத்து, இழுப்பதை மட்டும் பிள்ளைக்கு விடலாம்.

டிசம்பர் 3, புதன்

பட்டன் சிக்கினால் பிள்ளை சிணுங்கும். பாட்டி ஓடி வந்து குல்லா வரைக்கும் மாட்டிவிடுவார். அப்படிச் செய்தால் பிள்ளைக்குப் பட்டனும் வராது, கேட்கவும் வராது. மனசுக்குள் பத்து எண்ணிவிட்டு, "எது வரல?" என்று கேளுங்கள். "டீச்சர், இந்தப் பட்டன் மட்டும்" என்று சொல்லும் பிள்ளைக்குத் தன்னால் எது முடியும், எது முடியாது என்று தெரிந்துவிட்டது. அந்த ஒன்றைப் போட்டுவிட்டுக் கையை எடுத்துவிடணும்.

"தொந்தரவே இல்லாத பிள்ளை" என்று பெயர் வாங்கியதைத்தான் அடிக்கடி பார்க்கணும். சாக்ஸ் ஈரமாக இருந்தாலும் வாய் திறக்காமல் உட்கார்ந்திருக்கும்.

டிசம்பர் 4, வியாழன்

ஷூ: வெல்க்ரோ போதும். கயிறு கட்டுவதற்கு ஐந்து, ஆறு வயதாகட்டும்.

டிசம்பர் 9, செவ்வாய்

ஜிப்புக்கு இரண்டு பேர் வேணும். அடிமுனையை இறுக்கிப் பிடித்துக்கொண்டே மேலே இழுக்கச் சின்னக் கைகளுக்கு வராது. நாலரை வயது பிடிக்கட்டும், மூன்று வயது இழுக்கட்டும். பெரியது முதலில் "பிடிக்கட்டுமா?" என்று கேட்கணும், "வேணாம்" என்றால் விலகணும். இல்லாவிட்டால் சின்னதைப் பொம்மையாக்கி முழுசாக உடுத்திவிடும்.

1942 முதல் 1944 வரை இதே கொடைக்கானலில் இருந்த இத்தாலியக் கல்வியாளர் மரியா மாண்டிசோரியின் முறையில், வெவ்வேறு வயதுப் பிள்ளைகள் ஒரே அறையில் இருப்பார்கள். ஒவ்வொரு சாதனமும் ஒன்றே ஒன்றுதான் இருக்கும். இங்கே பட்டன் போட்டுப் பழகத் துணி மாட்டிய மரச்சட்டம் இன்னொன்று வாங்கலாமே என்று கேட்கிறார்கள். வேண்டாம். ஆளுக்கொன்று கொடுத்தால் சண்டை குறையும்தான், "அடுத்து நான்" என்று கேட்கும் பேச்சும் சேர்ந்தே குறையும். காத்திருக்கும் பிள்ளைக்குப் பக்கத்திலேயே ஒரு பாய் போட்டுவிட்டால் போதும். பார்த்தே பாதி கற்றுக்கொள்ளும்.