எனக்குப் போட்டது எந்த அம்மை?

பங்குனியில் ஒரு சனிக்கிழமை, மேலூரிலிருந்து மதினி தன் பையனைக் கூட்டிக்கொண்டு மதுரைக்கு எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். எனக்கு அப்போது கர்ப்பத்தின் பத்தாவது வாரம். பையனுக்கு லேசாக மூக்கு ஒழுகியது. மற்றபடி ஓடியாடிக்கொண்டுதான் இருந்தான். ராத்திரி என் பக்கத்தில்தான் படுத்தான். திங்கட்கிழமை காலையில் மதினியிடமிருந்து போன். "அவனுக்கு அம்மை போட்டிருக்கும்மா. வயிறு முதுகெல்லாம் முத்து முத்தா இருக்கு. நீ கொஞ்சம் பாத்து இரு."

இனிமேல் எதைப் பார்த்து இருப்பது? சின்னம்மை, கொப்புளம் தெரிவதற்கு ஒன்றிரண்டு நாள் முன்பே அடுத்தவருக்குத் தொற்ற ஆரம்பித்துவிடும். வாசலில் வேப்பிலை செருகுவது நம் ஊரின் நல்ல ஏற்பாடு, யாரும் உள்ளே வராதீர்கள் என்று சொல்லாமல் சொல்லிவிடும். ஆனால் அது எப்போதும் இரண்டு நாள் பிந்தித்தான் வாசலுக்கு வருகிறது.

அத்தை பதறவில்லை. "உனக்குத்தான் சின்ன வயசுலயே போட்டிருச்சுன்னு உங்க அம்மா சொன்னாங்களே. ஒரு தடவை வந்துட்டா ஆத்தா மறுபடி வர மாட்டா."

விருதுநகரில் இருக்கும் அம்மாவிடம் கேட்டேன். "ஆமா, ரெண்டாங்கிளாஸ் படிக்கும்போது. மூணு தண்ணி ஊத்துனோம்ல."

"கொப்புளமா இருந்துச்சாம்மா, இல்ல வேர்க்குரு மாதிரி பொடிப்பொடியாவா?"

"அம்மைன்னா அம்மைதான். அதைப் போய் யாராச்சும் உத்துப் பாப்பாங்களா?"

சிக்கலே அங்கேதான். சின்னம்மையும் அம்மை, மணல்வாரி என்கிற தட்டம்மையும் அம்மை. இரண்டுக்கும் அதே வேப்பிலை, அதே மஞ்சள் தண்ணீர். இரண்டும் வேறு வேறு வைரஸ் என்பதால் ஒன்று வந்து போனது இன்னொன்றுக்குக் காவல் ஆகாது.

மறுநாள் டாக்டரிடம் போனேன். எத்தனை நாள் ஆயிற்று, எவ்வளவு நேரம் பக்கத்தில் இருந்தாய் என்று முதலில் கேட்டார். ஒரே அறையில் கால் மணி நேரம் இருந்தாலே கணக்கில் எடுப்பார்களாம். நான் ஒரு ராத்திரி முழுக்க இருந்திருக்கிறேன். அம்மா சொன்னதைப் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரி, இப்ப ரத்தத்தைக் கேப்போம்" என்று, சின்னம்மைக்கு எதிர்ப்பு சக்தி ரத்தத்தில் இருக்கிறதா என்று பார்க்கும் ஐஜிஜி பரிசோதனைக்கு எழுதினார். மாதிரி சென்னைக்குப் போய்த்தான் முடிவு வர வேண்டும், வெள்ளிக்கிழமை ஆகும் என்றார்கள்.

அந்த மூன்று நாளில் ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். உறவில் ஒருவர், "தலைப்பிள்ளை, ஊனமாப் பொறந்தா என்ன பண்ணுவ? இப்பவே கலைச்சிரு" என்றார். இதை டாக்டரிடம் சொன்னதும் அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "மொதல்ல உங்களுக்கு அம்மை வரணும். வந்தாலும், முதல் பன்னிரண்டு வாரத்துல குழந்தையைப் பாதிக்கிறது ஆயிரத்துல நாலைஞ்சு பேருக்குத்தான். பதிமூணுல இருந்து இருபது வாரம் வரைக்கும்தான் அது நூத்துக்கு ரெண்டுன்னு ஆகும். இப்ப எனக்குப் பயம் உங்க நுரையீரலப் பத்தி. கர்ப்பிணிக்கு அம்மை வந்தா நிமோனியா ஆகலாம்." எல்லோரும் வயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தபோது, என்னைப் பற்றிக் கவலைப்பட்ட ஒரே ஆள் அவர்தான்.

வெள்ளிக்கிழமை ராத்திரி முடிவு வந்தது: நெகட்டிவ். சின்னம்மைக்கு எதிர்ப்பு சக்தி இல்லை. இரண்டாங்கிளாஸில் எனக்குப் போட்டது மணல்வாரியாகத்தான் இருக்க வேண்டும். அம்மா போனிலேயே அழுதுவிட்டார், ஏதோ அவர்தான் தப்பு செய்த மாதிரி.

அடுத்தது இம்யூனோகுளோபுலின் ஊசி. தயாராக உள்ள எதிர்ப்புப் பொருளை நேராக உடம்பில் ஏற்றுவது. தொற்று பட்ட பத்து நாளுக்குள் போட வேண்டும். மதுரையில் நாங்கள் கேட்ட மருந்துக்கடைகளில் எங்கும் இல்லை. சென்னையில் ஒரு மொத்த விற்பனையாளரிடம் சொல்லி, ஐஸ் பெட்டியில் திங்கட்கிழமைதான் வந்தது. அது ஒன்பதாவது நாள். விலையைக் கேட்டு வீட்டுக்காரர் ஒன்றும் பேசவில்லை. பைக் வாங்க வைத்திருந்த பணம் போனது.

அன்றைக்கு ஓ.பி. முடிந்த பிறகு, பக்கவாட்டுப் படி வழியாகத்தான் என்னை உள்ளே விட்டார்கள். எட்டாவது நாளிலிருந்து இருபத்தெட்டாவது நாள் வரை என்னிடமிருந்தும் மற்றவர்களுக்குத் தொற்றலாமாம். அங்கே கூடத்தில் உட்கார்ந்திருப்பவர்கள் எல்லோரும் கர்ப்பிணிகள். முதலில் சுருக்கென்று இருந்தது. ஆனால் இந்த நியாயத்தை அந்தச் சனிக்கிழமை யாராவது எனக்குச் செய்திருக்கலாமே என்று நினைத்தபோது அது போய்விட்டது.

அம்மை வருகிறதா என்று பார்த்திருக்க, ஊசி போடாதவர்களுக்கு இருபத்தோரு நாள் கணக்கு. போட்டவர்களுக்கு அது இருபத்தெட்டாக நீளும். தினமும் சாயங்காலம் வீட்டுக்காரர் செல்போன் டார்ச்சை அடித்து என் முதுகைப் பார்ப்பார். மதுரை வெயிலைச் சொல்ல வேண்டுமா? பதினேழாவது நாள் கழுத்தடியில் சிவப்பாகப் பத்துப் பதினைந்து புள்ளி. ஒரு கொப்புளம் தெரிந்தாலும் உடனே கூப்பிடுங்கள், மாத்திரை ஆரம்பிக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். கை நடுங்கப் போட்டோ எடுத்து அனுப்பினோம். பத்து நிமிஷத்தில் பதில் வந்தது: "வேர்க்குரு. ஃபேன் போடுங்க."

இருபத்தெட்டு நாளும் ஒன்றும் வராமல் போனது. ஊசி காப்பாற்றியதா, பையனிடமிருந்து தொற்றவே இல்லையா, சொல்ல முடியாது. அத்தை தெப்பக்குளம் மாரியம்மனுக்கு மாவிளக்கு போட்டார். நானும் போய்க் கும்பிட்டேன். இருபதாவது வார ஸ்கேனில் கை, கால், தலை எல்லாம் சரியாக இருந்தது.

சின்னம்மைத் தடுப்பூசியில் இருப்பது உயிருள்ள வைரஸ் என்பதால் கர்ப்பத்தில் போட மாட்டார்கள். பிரசவம் முடிந்து ஆறாவது வாரம் முதல் தவணை போட்டுக்கொண்டேன், பால் கொடுத்துக்கொண்டே. ஒரு மாதம் கழித்து இரண்டாவது. அரசு இலவசப் பட்டியலில் இது இல்லை, காசு கொடுத்துத்தான் போட வேண்டும். மகளுக்குப் பதினைந்தாவது மாதத்தில் போட்டோம். அவளுடைய அட்டையில் நர்ஸ் ஆங்கிலத்தில் கிறுக்கியிருந்ததற்குப் பக்கத்தில், தமிழில் நானே முழுசாக எழுதிவைத்தேன்: சின்னம்மை.