காகெத்தி (ஜார்ஜியா), அக்டோபர்

அக்டோபர் 1, செவ்வாய்

திபிலிசியிலிருந்து கொம்போரி மலைப்பாதை வழியாகத் தெலாவிக்கு வந்து சேர்ந்தோம். பாதி வழியில் சிக்னல் போய்விட்டது. மலை இறங்கியதும் எதிரே அலசானிப் பள்ளத்தாக்கு, கண்ணுக்கெட்டியவரை திராட்சை, அதற்கும் அந்தப் பக்கம் காகசஸ். "பாருங்க, உச்சியில பனி" என்றேன். "வந்துடுச்சு" என்றார் இவர், என் கணவர். சிக்னலைச் சொல்கிறார்.

மெயில் இல்லை. இவர் டெஸ்ட் ரிப்போர்ட்டுக்கு ஒரு வாரம் ஆகும் என்றுதானே துபாயில் சொல்லியிருக்கிறார்கள்.

டிக்கெட்டை ரத்து செய்தால் ஒரு திர்ஹம் திரும்பி வராது. டாக்டரும் "தாராளமா போய்ட்டு வாங்க, ஆனா ஒரு சொட்டு தொடக்கூடாது" என்று சொல்லிவிட்டார். ஒயின் ஊருக்குப் போகிறவரிடம்.

அக்டோபர் 2, புதன்

ஒயின் செய்கிற ஒருவர் வீட்டுக்குப் போனோம். வீட்டுக்குப் பின்னால் ஒரு கொட்டகை. அதுதான் மரானி, ஒயின் ஊறுகிற இடம். தரையில் வட்ட வட்டமாக வாய் மட்டும் தெரிகிறது, தாழி முழுக்க மண்ணுக்குள். க்வெவ்ரி. அடி கூர்மையானது, புதைத்தால்தான் நிற்கும். உள்ளே தேன்மெழுகு பூசியிருக்கிறார்கள். வெள்ளைத் திராட்சையை மிதித்து, சாறு, தோல், விதை, காம்பு என்று எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டுவிடுகிறார்கள். பொங்கி அடங்கியதும் மூடி பூசிவிட்டால் வசந்தத்தில்தான் திறப்பது. இந்த முறையை 2013ல் யுனெஸ்கோ தன் மரபுப் பட்டியலில் சேர்த்திருக்கிறது. வீட்டுக்காரர் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. மழை வருமா என்பதுதான் அவர் கவலை.

ஓரத்தில் ஒரு தாழி காலி. அவர் மகன் அதைக் கழுவிக்கொண்டிருந்தான். நீளமான கம்பு, அதன் நுனியில் செர்ரி மரப்பட்டைகளை அடுக்கிக் கட்டிய தேய்ப்பான். தண்ணீர் ஊற்றுகிறான், சுற்றிச் சுற்றித் தேய்க்கிறான், மொண்டு வெளியே கொட்டுகிறான், மறுபடி ஊற்றுகிறான். கொஞ்சம் தண்ணீரைக் கையில் ஏந்தி மோந்து பார்த்தான். தலையை ஆட்டினான். மறுபடி முதலிலிருந்து. உள்ளே இருந்து எடுக்கும் தண்ணீரைக் குடிக்கலாம் என்று ஆகும்வரை விடமாட்டார்களாம். எனக்கு அங்கிருந்து நகர மனமில்லை. இவர் அதற்குள் ரோட்டுவரை போய் மெயில் பார்த்துவிட்டு வந்தார்.

அப்புறம் சுரைக்குடுவை கட்டிய கம்பை இன்னொரு தாழிக்குள் விட்டு மொண்டு ஊற்றினார் வீட்டுக்காரர். ரகாட்சிதெலி என்ற வெள்ளைத் திராட்சையின் ஒயின், போன வருஷத்தது. பால் சேர்க்காத டீயின் நிறம். இவர் கோப்பையைச் சுழற்றினார், மூக்கை உள்ளே விட்டு ரொம்ப நேரம் அப்படியே இருந்தார், பிறகு என்னிடம் நீட்டினார்.

"நீ குடி. எனக்குச் சொல்லு."

இவர் கோப்பையை எடுத்தாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிறவள் நான். வாங்கிக் குடித்தேன்.

"கடுக்காய் கடிச்ச மாதிரி நாக்கு ஒட்டுது."

"டானின். தோலோடயும் காம்போடயும் ஊறுதுல்ல. அப்புறம்?"

"காய்ஞ்ச இலந்தைப் பழம்."

"அப்புறம்?"

"அப்புறம் ஒண்ணுமில்ல, சூடா இறங்குது."

கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். சாயங்காலம் வரைக்கும் எனக்குத் தலை லேசாகச் சுற்றியது. அம்மா போன் செய்தாள். திராட்சைத் தோட்டம் பார்த்தோம் என்றேன். அது உண்மைதான்.

அக்டோபர் 3, வியாழன்

மழை. மெயில் இல்லை.

அக்டோபர் 4, வெள்ளி

இன்று மதியத்துக்குள் வராவிட்டால் திங்கள்தான். சனி ஞாயிறு யாரும் எதையும் அனுப்பப்போவதில்லை.

காலையில் சினந்தாலி. கவிஞரும் பிரபுவுமான அலெக்சாண்டர் சவ்சவாட்சேயின் மாளிகை. ஐரோப்பியப் பாணியில் ஒயின் செய்து புட்டியில் அடைப்பதை ஜார்ஜியாவுக்குக் கொண்டுவந்தவர் அவர்தான். நிலவறையில் 1841ஆம் வருஷத்துப் புட்டிகள்கூட இருக்கின்றன, தூசி படிந்து. தோட்டம் அழகு. எனக்கென்னவோ மனம் ஒட்டவில்லை. எல்லாவற்றையும் கயிறு கட்டித் தள்ளி வைத்திருக்கிறார்கள்.

அங்கிருந்து க்வாரெலி. கரேபா ஒயின்காரர்களின் சுரங்கம், சோவியத் காலத்தில் மலையைக் குடைந்தது, மொத்தம் 7.7 கிலோமீட்டர். வருஷம் முழுக்க உள்ளே 12லிருந்து 14 டிகிரி. வாசலில் வந்து இவர் நின்றுவிட்டார். "உள்ள சிக்னல் இருக்காது. நீ போய்ட்டு வா." தனியாகப் போனேன். இரண்டு பக்கமும் புட்டிகள், நடுவில் நான், கூட வந்த கூட்டம் எல்லாம் ஜோடி ஜோடி. கிண்ட்ஸ்மராவுலி கொடுத்தார்கள், சிவப்பு, இனிப்பு. குடித்தவர்களில் பிடிக்காதவர் யாரும் இல்லை. வெளியே வந்து "ஜாம் மாதிரி இருந்துச்சு" என்றேன். "சரி" என்றார். அப்புறம் என்ன என்று கேட்கவில்லை.

மணி நாலரை. துபாய்க்கும் இங்கேக்கும் நேர வித்தியாசம்கூட இல்லை, அங்கே இன்னும் காலைதான் என்று மனதைத் தேற்றிக்கொள்ள.

அக்டோபர் 5, சனி

இன்று வராது என்று தெரிந்ததாலோ என்னவோ இரண்டு பேருமே நன்றாகத் தூங்கியிருந்தோம்.

புதன்கிழமை போன வீட்டுக்காரர் அறுவடைக்குக் கூப்பிட்டிருந்தார். சபெராவி. கருப்பு என்றுதான் சொல்லவேண்டும். நம்மூர்க் கருப்புத் திராட்சையை நசுக்கினால் உள்ளே சதை வெளுப்பாக இருக்கும். இதற்குச் சதையும் சிவப்பு. ஒரு வரிசை முடிவதற்குள் விரல் நகம் எல்லாம் சாயம் ஏறிவிட்டது, சோப்பு போட்டும் போகவில்லை.

கம்பத்தில் அப்பாவின் பன்னீர்த் திராட்சைப் பந்தலுக்குக் கீழே நின்று அறுத்தால் கழுத்து நோகும். இங்கே கம்பி கட்டி இடுப்புக்குக் கீழே படரவிட்டிருக்கிறார்கள், குனிந்து குனிந்து முதுகு போய்விட்டது. கத்தரி பிடித்த விதத்தைப் பார்த்தே வீட்டுக்காரரின் அம்மா என்னைத் தனி வரிசையில் விட்டுவிட்டார். கவாத்து எப்போது என்று சைகையில் கேட்டேன். குளிர் முடிகிறபோது, ஒரே தடவை. வருஷத்துக்கு ஒரே வெள்ளாமை! அப்பாவிடம் சொன்னால் நம்பமாட்டார். கம்பத்தில் வருஷம் முழுக்கப் பழம் இருக்கும்.

மதியம் முற்றத்தில் நீளமான மேஜை. காய்ந்த திராட்சைக் கவாத்துக் குச்சிகளை எரித்து அந்தக் கங்கில் கறி சுட்டார்கள். விருந்தை நடத்தத் தாமதா என்று ஒருவர், அவர் எழுந்து பேசி முடித்தால்தான் எல்லாரும் குடிக்கலாம். ஊருக்கு, விருந்தாளிக்கு, இறந்துபோனவர்களுக்கு என்று வரிசையாகப் போகிறது. இறந்தவர்களுக்கான முறையில் தாத்தாவைப் பற்றிச் சொன்னார் வீட்டுக்காரர். 1985ல் கோர்பச்சேவ் மதுவுக்கு எதிராகக் கிளம்பியபோது தோட்டங்களைப் பிடுங்கினார்களே, அதில் இவர்கள் தோட்டமும் போனதாம். பிறகு நட்டார்கள். 2006ல் ரஷ்யா ஜார்ஜிய ஒயினைத் தடை செய்தது, 2013 வரைக்கும் வாங்கவில்லை. அப்போது என்ன செய்தீர்கள் என்றேன். "குடித்தோம்" என்றார். மேஜையே சிரித்தது.

இவர் கோப்பை காலியாக இருப்பதைத் தாமதா பார்த்துவிட்டார். இவர் வயிற்றைத் தொட்டுக் காட்டினார். அந்த மனிதர் ஒன்றும் கேட்கவில்லை. உள்ளே போய், காலையில் பிழிந்த புளிக்காத சாற்றை மொண்டு வந்து இவருக்கு ஊற்றிவிட்டு, அடுத்த பேச்சை ஆரம்பித்தார். இவர் நான்கு கோப்பை குடித்தார். ரொம்ப நாளைக்குப் பிறகு சத்தமாகச் சிரித்தார்.

அக்டோபர் 6, ஞாயிறு

சிக்னாகி. சண்டை.

கடையில் ஒரு பெட்டி சபெராவி வாங்கலாம் என்றார். வைத்துக் குடிக்கிற ஒயின், பத்து வருஷம் தாங்கும் என்றார் கடைக்காரர். "வாங்கி வச்சு யார் குடிக்கிறது?" என்று கேட்டுவிட்டேன். விலையைத்தான் நினைத்தேன். சத்தியமாக விலையைத்தான்.

போட்பே மடத்துக்குத் தனித்தனியாக நடந்து போனோம். புனித நினோவின் சமாதி அங்கே. திராட்சைக் கொடியை ஒடித்துத் தன் தலைமுடியால் கட்டிச் சிலுவை செய்தவள் என்கிறார்கள். அந்தச் சிலுவையின் கை இரண்டும் கீழே சரிந்திருக்கும். மெழுகுவர்த்தி ஏற்றினேன். பழனிக்கும் வேண்டிக்கொண்டேன், எதற்கும் இருக்கட்டும் என்று.

இரவு ரொட்டியை இரண்டாகப் பிய்த்துப் பெரிய துண்டை என் தட்டில் வைத்தார். பேசவில்லை.

அக்டோபர் 7, திங்கள்

எட்டு மணியிலிருந்து பார்க்கிறார். 11.40க்கு மெயில் வந்தது.

ரிப்போர்ட் தயார், நேரில் வரவும், வியாழன் காலை 10.15. அவ்வளவுதான். இணைப்பு எதுவும் இல்லை. நான் போன் செய்து கேட்டேன், போனில் சொல்லமாட்டார்களாம். நல்லதாக இருந்தால் சொல்லியிருப்பார்களே என்று நான், எல்லாருக்கும் இப்படித்தான் அனுப்புவார்கள் என்று இவர். கொஞ்ச நேரம் கழித்து நான் சொன்னதை இவரும் இவர் சொன்னதை நானும் சொல்லிக்கொண்டிருந்தோம்.

விமானம் புதன் இரவுதான். மாற்றலாமா என்று பார்த்தேன், விலை மலை ஏறிக் கிடக்கிறது. மூன்று மணிக்கு இன்னொரு மரானிக்குச் சொல்லி வைத்திருக்கிறது. போகவேண்டாம் என்றேன். "போவோம், நீ சொல்லு, நான் கேக்குறேன்" என்று செருப்பைப் போட்டுக்கொண்டு நிற்கிறார். சிக்னாகிக் கடைக்காரரின் நம்பர் என்னிடம்தான் இருக்கிறது. வண்டி வந்துவிட்டது